நான்கு விரல் இடுக்கில் எந்த ரம்பம்?

போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை காலை, படப்பை மார்க்கெட்டில் மீன் வாங்கிக்கொண்டிருந்தபோது தொழிற்சாலையிலிருந்து போன் வந்தது. நான் ஓய்வு பெற்று ஒன்றரை வருடம் ஆகிறது. பேசியவர் தேவராஜ். பராமரிப்புப் பிரிவில் இப்போது என் இடத்தில் இருப்பவர்.

"அண்ணே, ஒயர் வெச்ச டூலெல்லாம் எடுத்துட்டு பேட்டரி டூலா மாத்திக்கினு இருக்காங்க. இடுக்குல வெட்றதுக்கு ஒரே ஒரு மாடல் எழுதிக் குடுன்னு பர்ச்சேஸ்ல கேக்கறாங்கண்ணே. இன்னா எழுதறது?"

"ஒண்ணே ஒண்ணா?"

"ஒண்ணுதானாம்."

சாயங்காலம் கூப்பிடுகிறேன் என்று சொல்லி வைத்துவிட்டேன். சாயங்காலம் கூப்பிட்டு ஒரு பதிலும் சொன்னேன். ஆனால் அந்தப் பதில் ஒரு வரி. அந்த ஒரு வரி எனக்குக் கிடைத்த விதத்தைப் போனில் சொல்ல முடியவில்லை. எழுதிப் பார்க்கிறேன்.

என் பெயர் சகாயராஜ். ஊர் மணிமங்கலம் பக்கம். ஐ.டி.ஐ.யில் ஃபிட்டர் படித்தேன். கிண்டியிலும் அம்பத்தூரிலும் சின்னப் பட்டறைகளில் பதினேழு வருடம் வேலை செய்தேன். அங்கே வெட்டுவதற்கு இரண்டே கருவிகள்: கையால் இழுக்கும் ஹாக்சா, இல்லையென்றால் வட்டத் தகடு சுழலும் கிரைண்டர். எதை வெட்டினாலும் மேஜைமேல் வைஸில் இறுக்கிக் கட்டி, சுற்றி வந்து நின்று, வசதியாக வெட்டலாம். வெட்டுவது என்றால் கைப்பலம் என்றுதான் அந்தப் பதினேழு வருடமும் நினைத்திருந்தேன்.

ஒரகடம் பக்கம் தொழிற்சாலைகள் வரிசையாக வந்தபோது வல்லம் வடகாலில் ஒரு கார் உதிரிபாகத் தொழிற்சாலையில் பராமரிப்பு வேலை கிடைத்தது. வீட்டிலிருந்து டூவீலரில் போய்வரும் தூரம். போன முதல் வாரத்திலேயே ஒன்று புரிந்தது. இங்கே பொருள் என் மேஜைக்கு வராது. நான்தான் பொருளிடம் போக வேண்டும். அது எப்போதும் இயந்திரத்துக்கும் சுவருக்கும் நடுவில், கூரைக்கும் குழாய்க்கும் நடுவில், தொட்டிக்கு அடியில், எங்காவது ஓர் இடுக்கில்தான் இருக்கும். ஒரு கையை நுழைத்தால் முகத்தைத் திருப்பிக்கொள்ள வேண்டியிருக்கும். பார்த்தால் கை எட்டாது. கை எட்டினால் பார்க்க முடியாது.

அங்கே எங்கள் மேலாளராக ஹெலன் மேடம் வந்தது நான் சேர்ந்து ஆறு வருடம் கழித்து. அவருக்கு அப்போது முப்பத்திரண்டு வயது. எனக்கு நாற்பத்தைந்து. திருநெல்வேலிக்காரர். ஆனால் தொழிற்சாலைக்குள் அந்த ஊர்ப் பேச்சு வராது. இஸ்திரி போட்ட சட்டை போல ஒரு பொதுத் தமிழ். இயந்திரத்தின் பக்கம் போகும்முன் கைக்கடிகாரத்தையும் மோதிரத்தையும் கழற்றிச் சட்டையின் இடது பையில் போட்டுப் பொத்தானை மாட்டுவார். ஒரு நாள்கூட அது தவறி நான் பார்த்ததில்லை. 'சீக்கிரம்' என்ற வார்த்தையை அவர் சொல்லிக் கேட்டதும் இல்லை. பட்டறைக் காலத்தில் என் முதலாளிகள் அந்த வார்த்தையைத் தவிர வேறு எதையும் சொன்னதில்லை. அதனால் இந்த அம்மாவுக்கு வேலை தெரியாது என்று முடிவு கட்டிக்கொண்டேன்.

அவர் வந்து இரண்டு மாதத்தில் என் முடிவுக்கு அடி விழுந்தது.

ஓர் இயந்திரத்துக்குப் பின்னால் குளிர்விக்கும் திரவம் ஓடிய பழைய கூலண்ட் குழாய் ஒன்றை வெட்டி எடுக்க வேண்டும். என்னிடம் ரெசிப்ரோ இருந்தது. தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன்: நீண்ட மூக்கு வைத்த ரம்பம் அது. மூக்கின் முனையில் பிளேடு முன்னும் பின்னும் குத்திக் குத்தி வெட்டும். அப்போது அதுதான் எங்கள் டூல் ரூமில் ராஜா. ஒன்பது அங்குல பிளேடு மாட்டி, மூக்கை இடுக்கில் விட்டு, விசையை அழுத்தினேன். அரை நிமிடத்தில் குழாய் விழுந்தது. திரும்பி நின்று நெற்றியைத் துடைத்தேன். ஏன் இவ்வளவு அமைதியாக இருக்கிறது என்று அப்போதுதான் உறைத்தது. குழாய்க்குப் பின்னால் கன்ட்ரோல் கேபிள் போய்க்கொண்டிருந்திருக்கிறது. பிளேடின் மிச்ச நீளம் அதையும் வெட்டியிருக்கிறது. லைன் முழுக்க நின்றுவிட்டது. மறுபடி ஓட மதியம் ஆகிவிட்டது.

மெமோ வரும் என்று காத்திருந்தேன். ஹெலன் மேடம் வந்து இயந்திரத்துக்குப் பின்னால் போனார். கரண்டை நிறுத்தி மெயினில் பூட்டு போட்டிருக்கிறதா என்று பார்த்தார். கடிகாரம், மோதிரம், பை, பொத்தான். பிறகு அந்த இடுக்கில் கையை விட்டு, விரல்களை விரித்து, குழாய் இருந்த இடத்தைச் சுற்றித் தடவினார். கேபிள் தட்டில் விரல் பட்டது.

"சகாயம் அண்ணா, வெட்டறதுக்கு முன்னாடி இங்க உங்க கை போச்சா?"

"நேரமில்ல மேடம்."

"கைக்கு நேரமில்லாத இடத்துல பிளேடு மட்டும் எப்படிப் போச்சு?"

அவ்வளவுதான். சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் நான் பதிலுக்கு எதையாவது சொல்லி அதோடு விட்டிருப்பேன்.

மறுநாள் காலை பம்பு வந்த பெரிய அட்டைப்பெட்டி ஒன்றைப் பிரித்து டூல் ரூம் தரையில் போட்டிருந்தார். ஒவ்வொரு ரம்பத்தையும் அதன்மேல் படுக்க வைத்துச் சுற்றிப் பென்சிலால் வரையச் சொன்னார். பிளேடு முழுதாக வெளியே வரும்போது எங்கே எட்டுகிறதோ அங்கே சிவப்புக் கோடு. பிடித்திருக்கும் என் கையையும் சேர்த்து வரைய வேண்டும். பிறகு கத்தரித்து, மேலே ஓர் ஓட்டை போட்டு, ஆணியில் மாட்ட வேண்டும். இடுக்கில் வேலை என்றால் முதலில் கை. அடுத்தது அட்டை. கடைசியில்தான் மிஷின்.

எனக்கு அவமானமாக இருந்தது. இருபத்து மூன்று வருட ஃபிட்டர், கத்தரிக்கோல் வைத்துக்கொண்டு அட்டை வெட்டுகிறேன். போகிறவன் வருகிறவன் எல்லாம், "இன்னாண்ணே, ஸ்கூல் பிராஜெக்டா?" என்று கேட்டான். வீட்டுக்குப் போய் மனைவியிடம் வேலையை விடப் போகிறேன் என்றேன். "அட்டை வெட்றதுக்கா வேலைய வுடுவாங்க?" என்று கேட்டுவிட்டு அவள் டிவியைப் பார்க்கத் திரும்பிவிட்டாள்.

ஆனால் அந்த அட்டைகளை இடுக்குகளில் விட்டுப் பார்க்கப் பார்க்க, என் கருவிகளை அதுவரை நான் சரியாகப் பார்த்ததே இல்லை என்று தெரிந்தது.

கிரைண்டர் வேகமானது. ஆனால் அதன் தகடு சுழல முழு வட்டமும் காலியாக இருக்க வேண்டும். இடுக்கில் தகடு பிடித்துக்கொண்டால் மிஷின் நம் பக்கம் எகிறும். பொறி எங்கே தெறிக்கும் என்பதும் நம் கையில் இல்லை. ரெசிப்ரோவின் மூக்கு எங்கும் நுழையும். ஆனால் பின்னால் இடம் இல்லையென்றால் பிளேடின் முனை சுவரில் இடித்து, வெட்டும் பொருளையே சம்மட்டி போல உலுக்கும். அதற்குப் பிளேடின் நீளத்தை இடத்துக்கு ஏற்றபடி தேர்ந்தெடுக்க வேண்டும். மெல்லிய குழாய்க்குப் பொடிப்பல் பிளேடு வேண்டும். பல் பெரிதாக இருந்தால் குழாயைக் கடித்துக்கொண்டு இழுக்கும். பேண்ட் சா என்பது இரண்டு சக்கரத்தில் ஓடும் வார்ப்பிளேடு. சத்தமில்லாமல், பொறியில்லாமல், உலுக்காமல் வெட்டும். ஆனால் குழாயின் இரண்டு பக்கமும் அதன் சக்கரங்கள் உட்கார இடம் வேண்டும்.

கடைசியாக மல்டி டூல். எங்கள் ஆட்கள் அதைப் பல் தேய்க்கும் பிரஷ் என்று கிண்டல் செய்வார்கள். கையளவு மிஷின், இரண்டு விரல் அகலத்துக்கு ஒரு பிளேடு. அது சுழலாது, குத்தாது. இருந்த இடத்திலேயே நடுங்கும். அந்த நடுக்கத்தில்தான் வெட்டு. ரொம்ப மெதுவு. பிளைவுட் வெட்டுவதற்கு வாங்கியது என்று நான் அதைத் தொட்டதே இல்லை. இரும்புக்கென்று கடினப் பல் வைத்த பிளேடு அதற்கு உண்டு என்பதே மேடம் வாங்கிவந்த பிறகுதான் எனக்குத் தெரியும்.

இப்படி மூன்று நான்கு வருடம் ஓடியது. அட்டைகள் எண்ணெய்க் கறை பிடித்துக் கிழிந்தன. மறுபடி வரைந்தோம். மெட்டல் தகட்டில் செய்து தரட்டுமா என்று நானே ஒருமுறை கேட்டேன். "வேண்டாம் அண்ணா, அட்டைதான் வளையும். வளையற இடம் எதுன்னு அது காட்டும்" என்றார்.

இனி அந்த நாள்.

முதல் ஷிப்ட், காலை டீ முடிந்து எல்லோரும் லைனுக்குத் திரும்பிய நேரம். என் வாக்கி டாக்கியில் குரல் வந்தது: "வாஷிங் லைன். கை மாட்டிக்கிச்சு. லைனை நிறுத்தியாச்சு. ஓடி வாங்க."

வாஷிங் லைனில் பாகங்கள் உருளைகள்மேல் நகர்ந்து கழுவும் தொட்டிக்குள் போகும். தொட்டிக்கு முந்தின உருளையில் ஒரு பாகம் குறுக்காக விழுந்து சிக்கியிருக்கிறது. அதை எடுக்கக் கை நீட்டியவள் முத்துலட்சுமி. கோவில்பட்டிப் பக்கத்துப் பெண், இருபத்து நான்கு வயது, ஹாஸ்டலில் தங்கி வேலை செய்பவள். உருளைக்கு அடியில் இருந்த மூடியின் ஓரம் தூக்கிக்கொண்டிருந்ததை யாரும் கவனிக்கவில்லை. உருளை அவளுடைய இடது கையை இழுத்துக்கொண்டு போய், கீழே குறுக்காக ஓடும் சதுரக் குழாய்க்கும் தனக்கும் நடுவில் அழுத்திப் பிடித்துவிட்டது. பக்கத்தில் நின்ற பெண் சிவப்புப் பொத்தானை அடித்ததால் மணிக்கட்டுவரை உள்ளே போனதோடு நின்றது.

நான் போனபோது அவளை ஒரு ஸ்டூலில் உட்கார வைத்து, தோளைத் தன் மார்போடு அணைத்துப் பிடித்துக்கொண்டிருந்தார் நர்ஸ். அந்தப் பெண் அழவில்லை. உதடு மட்டும் வெளுத்திருந்தது.

"வெரலு இருக்காண்ணே?" என்று என்னைக் கேட்டாள். "எனக்குத் தெரியலண்ணே. மரத்துப் போச்சு."

குனிந்து பார்த்தேன். உள்ளே இருட்டு. "கீதும்மா, கீது" என்றேன். எனக்குத் தெரியாது.

புரொடக்‌ஷன் சூப்பர்வைசர் ஹெலன் மேடத்திடம் கெஞ்சிக்கொண்டிருந்தார். "ரிவர்ஸ்ல ஒரு தட்டு தட்டினா வந்துடும் மேடம். ரெண்டே செகண்டு."

"மெயின்ல பூட்டு போட்டாச்சு. சாவி என் பாக்கெட்ல இருக்கு" என்றார் மேடம். "உருளைமேல ரப்பர் இருக்கு. திரும்பினா தோலை உரிச்சுக்கிட்டுதான் திரும்பும். திசை தப்பினா கையே போயிடும். அந்த ரெண்டு செகண்டை நான் தர மாட்டேன்."

கியர் பெட்டியைக் கழற்றலாம். ஆனால் அது தொட்டிக்கு அடியில் இருக்கிறது. ஒரு மணி நேரம் ஆகும். கையால் உருளையைப் பின்னுக்குத் திருப்ப அந்தக் கியர் விடாது. மிச்சம் இருந்தது ஒரே வழி: கீழே இருக்கும் குறுக்குக் குழாயை வெட்டி எடுப்பது.

டூல் ரூமுக்கு ஓடினேன். என் கை நேராக ரெசிப்ரோவுக்குத்தான் போனது. இத்தனை வருடம் அட்டை வெட்டியும், பதற்றத்தில் கை பழைய இடத்துக்கே போனது. மூக்கில் ஒன்பது அங்குல பிளேடு ஏற்கனவே மாட்டியிருந்தது. இரண்டு எட்டு வைத்துவிட்டுத் திரும்பி வந்தேன். தள்ளுவண்டியில் எல்லா ரம்பங்களையும் ஏற்றி, ஆணியில் இருந்த அட்டைக் கொத்தையும் எடுத்து மேலே போட்டுக்கொண்டு தள்ளினேன்.

அட்டையைப் பார்த்ததும் சூப்பர்வைசர் கத்திவிட்டார். "கை நசுங்கிக்கினு கீது, அட்டைய வெச்சு வெளையாடற நேரமாய்யா இது?"

மேடம் அவரைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அந்தப் பெண்ணின் முன்னால் மண்டியிட்டு உட்கார்ந்திருந்தார். அவர் வாயிலிருந்து அன்றைக்குத்தான் முதல்முறையாக அந்த ஊர்ப் பேச்சைக் கேட்டேன்.

"ஏட்டி, நீ எந்தூரு? கோவில்பட்டியா? நான் பாளையங்கோட்டைதான். என்னையப் பாரு. அங்கன பாக்காத. இந்த அண்ணன் ஒரு நிமிசம் அளந்து பாப்பாவ. பொறவு வெட்டுவாவ. ஒனக்கு அதிரக் கூடாதுல்லா, அதுக்குத்தான். சரியாட்டி?"

அவள் தலையை ஆட்டினாள்.

நான் தரையில் மல்லாக்கப் படுத்து லைனுக்கு அடியில் நகர்ந்தேன். முதலில் கை. குழாயின் ஒரு முனை நடைபாதைப் பக்கம். அங்கே அது உருளையைத் தாண்டி ஒரு ஜாண் நீண்டு, சுற்றிலும் இடம் விட்டு இருந்தது. மறுமுனை தொட்டிப் பக்கம். தொட்டிச் சுவருக்கும் குழாய்க்கும் நடுவில் நான்கு விரல்தான் நுழைந்தது. பெருவிரல் வெளியே நின்றுவிட்டது. மேலே உருளை குழாயை ஒட்டிக்கொண்டு நின்றது.

பிறகு அட்டை. ரெசிப்ரோவின் அட்டையை விட்டேன். சிவப்புக் கோடு தொட்டிச் சுவரில் இடித்து மடங்கியது. அப்படியே நான் மிஷினை விட்டிருந்தால் ஒவ்வொரு குத்துக்கும் குழாய் உலுக்கும். அந்த உலுக்கல் நேராக அவள் விரல் எலும்புக்குப் போகும். பிளேடை உடைத்துக் குட்டையாக்கினாலும் மூக்கை ஊன்ற அங்கே இடமில்லை. பேண்ட் சா அட்டை தொட்டிப் பக்கம் நுழையவே இல்லை. நடைபாதைப் பக்கம் அழகாக உட்கார்ந்தது. கிரைண்டரின் அட்டையை நான் எடுக்கவே இல்லை. அந்தச் சூடு குழாய் வழியாக அவள் கைக்குப் போகும்.

மல்டி டூல் அட்டை தொட்டிப் பக்கம் நுழைந்தது. குழாயின் கீழ்ப்பக்கம் எட்டியது. இரண்டு பக்கவாட்டும் எட்டியது. மேல் பக்கம் எட்டவில்லை. உருளை மறித்தது. திருப்பித் திருப்பிப் பார்த்தேன். எந்தப் பக்கமிருந்தும் மேல் தகடு எட்டவில்லை.

அந்த இடத்தில், டார்ச் வெளிச்சத்தில், இன்னொன்றையும் பார்த்தேன். குழாயின் முனையில் இருந்த வெல்டு. எழுதுகிறவனுக்குத் தன் கையெழுத்து தெரிவது போல வெல்டு வைத்தவனுக்குத் தன் வெல்டு தெரியும். அது நான் வைத்தது. இயந்திரம் வந்தபோது அந்தக் குழாய் போல்ட்டில்தான் நின்றது. அதிர்வில் போல்ட் அடிக்கடி தளர்ந்து கடகடவென்று சத்தம் போடுகிறது என்று புரொடக்‌ஷனில் குறை சொன்னார்கள். மூன்று வருடத்துக்கு முன்பு, சலித்துப் போய், இரண்டு முனையிலும் வெல்டு வைத்து மூடிவிட்டேன். அன்றைக்கு எல்லோரும் கைகொடுத்துப் பாராட்டினார்கள். போல்ட்டாகவே இருந்திருந்தால் இப்போது ஒரு ஸ்பானர் போதும்.

அந்த எண்ணத்தோடு வெட்டக் கூடாது. கண்ணை மூடி மாதாவே என்று ஒருமுறை சொல்லிக்கொண்டு, திறந்தேன். மேல் தகட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். எட்டாதது எட்டாது. அதை ஏன் வெட்ட வேண்டும்?

"மேடம்" என்று அடியிலிருந்து கூப்பிட்டேன். "தொட்டிப் பக்கம் மூணு பக்கத்த மட்டும் மல்டி டூல்ல வெட்டிடறேன். மேல் தகட அப்படியே வுட்டுடலாம். அப்புறம் இந்தப் பக்கம் பேண்ட் சால முழுசா அறுத்துட்டுக் கீழ அமுக்கினா, அது கதவுக் கீல் மாதிரி மடங்கிக்கும். குழாய் கீழயும் வுழாது."

மேடம் குனிந்து இரண்டு முனையையும் பார்த்தார்.

"எது முதல்ல?"

"தொட்டிப் பக்கம். ரெண்டு முனையும் புடிச்சிக்கினு இருக்கறப்பதான் அதிராது."

"செய்யுங்க அண்ணா."

குழாயில் அவள் கைக்கும் வெட்டுக்கும் நடுவே ஈரத்துணியைச் சுற்றினேன். நர்ஸ் ஒரு பாட்டிலிலிருந்து அதன்மேல் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விட்டுக்கொண்டே இருந்தார். எங்களிடம் அப்போதே பேட்டரியில் ஓடிய மிஷின் அது ஒன்றுதான் என்பதால் அந்த ஈரத்தில் கரண்டு பயம் இல்லை. கீழ்ப்பக்கம் பிளேடை வைத்து அழுத்தாமல் விட்டேன். அழுத்தினால் வேகமாக வெட்டும் என்று தோன்றும். உண்மையில் அழுத்தினால் பல் சூடாகி மழுங்கும். பிளேடை அதன் போக்கில் நடுங்க விட்டு, லேசாகப் பக்கவாட்டில் ஆட்டிக்கொண்டிருக்க வேண்டும். இரும்புத் தூள் என் கண்ணாடிமேல் மாவு போல விழுந்தது.

"வலிக்குதாம்மா?"

"இல்லண்ணே. கூசுது."

கூசுகிறது என்றால் விரலில் உயிர் இருக்கிறது. என் வாழ்க்கையில் அவ்வளவு சந்தோஷமாக ஒரு வார்த்தையைக் கேட்டதில்லை.

கீழ்ப்பக்கம் முடிந்தது. ஒரு பக்கவாட்டு முடிந்தது. பிளேடு மழுங்கியது, மாற்றினேன். இரண்டாவது பக்கவாட்டில் என் தோள் மரத்துப்போய், கையை மாற்றிப் பிடித்தேன். மேலே மேடம் அவளிடம் ஹாஸ்டல் சாப்பாட்டைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தது கேட்டது. சாம்பாரில் சர்க்கரை போடுகிறார்களாம். சூப்பர்வைசர் சத்தம் போடுவதை எப்போதோ நிறுத்தியிருந்தார். பிறகு பார்த்தேன், அவரும் தரையில் படுத்து எனக்கு டார்ச் பிடித்துக்கொண்டிருந்தார்.

நடைபாதைப் பக்கம் வந்து பேண்ட் சாவை வைத்தேன். குழாயின் முனையை என் தோளில் தாங்கிக்கொண்டு விசையை அழுத்தினேன். முக்கால் நிமிடம்கூட ஆகவில்லை. வார்ப்பிளேடு அந்தப் பக்கம் வெளியே வந்ததும் குழாய் லேசாகப் பெருமூச்சு விட்டது போல என் தோளில் இறங்கியது. ரம்பத்தைக் கீழே வைத்துவிட்டு, சூப்பர்வைசரும் நானுமாகக் குழாயைப் பிடித்து மெதுவாகக் கீழே அமுக்கினோம். தொட்டிப் பக்கம் மேல் தகடு மடங்கியது. கீல் போலவேதான் மடங்கியது.

கை வெளியே வந்தது. நர்ஸ் அதைத் துணியில் ஏந்தி, ஒவ்வொன்றாகத் தொட்டு எண்ணினார். ஐந்து.

இரண்டு விரல் முறிந்திருந்தது. புறங்கையில் தோல் வழன்றிருந்தது. ஆம்புலன்ஸ் வாசலில் தயாராக நின்றது. ஏறும்போதுதான் அந்தப் பெண் அழுதாள்.

அன்று மதியம் மேடத்தின் அறைக்குப் போனேன். உட்காராமலே சொன்னேன். "மேடம், அந்த வெல்டு நான் வெச்சது."

"தெரியும். அந்த வேலைக்குக் கையெழுத்துப் போட்டது நான்" என்றார். மேஜைமேல் மூன்று வருடப் பழைய அந்த வேலை உத்தரவு கிடந்தது. அவர் கண் சிவந்திருந்தது. கடிகாரமும் மோதிரமும் இன்னும் பையிலேயே இருந்தன.

இன்னொரு நாற்காலியை அவரே இழுத்துப் போட்டார். பிறகு நடந்தது நடந்தபடி அறிக்கை எழுதினோம். வெல்டு, மூடி, கையெழுத்து, எதையும் விடவில்லை.

இந்த இடத்தில் தேவராஜுக்கு நான் சொன்ன அந்த ஒரு வரியையும் சொல்லிவிடுகிறேன். ஒன்றுதான் வாங்க விடுவார்கள் என்றால் மல்டி டூலை எழுது. அது மெதுவாக வெட்டும். ஆனால் வெட்டக் கூடாததை வெட்டாது. இரண்டு என்றால் பேண்ட் சாவையும் சேர்த்துக்கொள். மூன்று என்றால் ரெசிப்ரோ, கூடவே குட்டை பிளேடு ஒரு பெட்டி. "அட்டைங்க இன்னும் கீதாய்யா?" என்றும் கேட்டேன். "கீதுண்ணே, புதுசா வரைஞ்சிட்டோம்" என்றார். எனக்கு அது போதும்.

முத்துலட்சுமி இரண்டரை மாதம் கழித்துத் திரும்பி வந்தாள். பாகங்களைச் சரிபார்க்கும் மேஜையில் அவளுக்கு வேலை கொடுத்திருந்தார்கள். முதல் நாளே சாப்பாட்டு நேரத்தில் டூல் ரூமுக்கு வந்து நின்றாள்.

"எந்த மிசினுண்ணே அது?"

காட்டினேன். கையில் வாங்கிப் புரட்டிப் பார்த்தாள். "இம்புட்டுதானா?" என்றாள்.

சொல்லாமல் இருக்க முடியவில்லை. அந்தக் குழாய் முன்பு போல்ட்டில் இருந்ததையும், வெல்டு வைத்தது நான்தான் என்பதையும், போல்ட்டாகவே இருந்திருந்தால் ஐந்து நிமிடத்தில் கை வந்திருக்கும் என்பதையும் சொன்னேன். மன்னிப்பு கேட்கலாம் என்று வாயைத் திறந்தேன். அவள் அதற்குள் கேட்டாள்.

"மத்த லைன்லயும் இப்பிடி வச்சிருக்கீகளாண்ணே?"

எண்ணிப் பார்த்தேன். "எட்டு இடத்துல கீதும்மா."

"அப்ப அத மொதல்ல பாருங்க" என்று சொல்லிவிட்டு, மிஷினைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போய்விட்டாள்.

எட்டு இடத்தையும் பார்த்தோம். லைன் ஓடாத ஞாயிற்றுக்கிழமைகளில், காலைப் பூசை முடிந்ததும் நேராகத் தொழிற்சாலைக்கு வந்துவிடுவேன். மேடமும் அவர்கள் சபையின் ஆராதனை முடிந்து வருவார். என் வெல்டுகளை நானே ஒவ்வொன்றாக அறுத்தேன். ஆனால் போல்ட்டைத் திரும்பப் போட்டால் பழையபடி தளரும். தளராமலும் இருக்க வேண்டும், அவசரத்தில் கழலவும் வேண்டும். மேடம் படம் வரைந்தார்: குழாயின் ஒரு முனையில் கீல், நடைபாதை முனையில் ஆணி போல ஒரு முள், அதன் தலையில் வளையம். வளையத்தை இழுத்தால் முள் வெளியே வந்து குழாய் கீழே மடங்கிவிடும். நான் செய்த முதல் முள் ஒரு வாரத்தில் அதிர்வில் நழுவி விழுந்தது. இரண்டாவது இறுகிக்கொண்டு வரவே மறுத்தது. மூன்றாவதில் உள்ளே ஸ்பிரிங் வைத்த குமிழ் போட்டேன். வாஷிங் லைனில் அதை மாட்டி ஒரு மாதம் ஓட்டினோம். நழுவவில்லை.

"மாட்டினவங்க ஒத்தக் கையாலதான் இழுப்பாங்க" என்றார் மேடம். "அவங்களையே கூப்பிடுங்க."

முத்துலட்சுமி வாஷிங் லைனுக்கு வந்தாள். வலது கையால் இழுத்தாள், வந்தது. பிறகு அவளாகவே இடது கையை வளையத்தில் விட்டாள். இரண்டு விரல் இன்னும் முழுதாக மடங்கவில்லை. இழுத்தாள். முகம் சுருங்கியது.

"வரலண்ணே. வளையம் சின்னதா இருக்கு. வெரலு போவ மாட்டேங்கு."

வேறு யாராவது என்றால் வலது கையால் வந்துவிட்டதே என்று விட்டிருப்பார்கள். மேடம் என்னைப் பார்த்தார். நான் முள்ளைக் கழற்றி எடுத்துக்கொண்டு டூல் ரூமுக்குப் போனேன். முழு உள்ளங்கையும் நுழையும் அளவுக்கு வளையத்தைப் பெரிதாக வளைத்துப் பற்றவைத்து, ஆறவிட்டு, விளிம்பை அரத்தால் தேய்த்து, மதியத்துக்குள் கொண்டுவந்து மாட்டினேன்.

அவள் மறுபடி இடது கையை விட்டாள். மடங்காத விரல்கள் நீட்டியபடியே இருக்க, உள்ளங்கையால் வளையத்தை இழுத்தாள். டக்கென்று முள் வெளியே வந்தது. குழாய் மெல்லக் கீழே மடங்கித் தொங்கியது.

பிறகு குழாயைத் தூக்கி, முள்ளைச் சொருகி, மறுபடி இழுத்தாள். மறுபடியும் சொருகினாள். நாலைந்து முறை. நாங்கள் யாரும் நிறுத்தச் சொல்லவில்லை.

"இப்ப சரியா இருக்குண்ணே" என்றாள். தலையில் வலைத்தொப்பியை இழுத்துவிட்டுக்கொண்டு மேடத்தைப் பார்த்தாள். "என்னைய நாளைக்கு இந்த லைன்லயே போடுங்க மேடம்."